நம்மூர்ப் பள்ளியில் எச்.ஐ.வி. வகுப்பு: பணத்தை எதற்குத் தருவது, எந்த வழியில் தருவது

வெளிநாட்டில் இருக்கிற நம்மூர்க் குழுவினர் எல்லாருக்கும் வணக்கமுங்க.

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்று நம்மூர் அரசு மேல்நிலைப்பள்ளியில் பேரணி, மேடை நிகழ்ச்சி, இரத்தப் பரிசோதனை முகாம் மூன்றும் நடத்த இரண்டு லட்சம் திரட்டலாம் என்று மஸ்கட் தம்பி எழுதிய மடலுக்கு நிறையப் பேர் சரி சொல்லியிருக்கிறீர்கள். அக்கறைக்கு நன்றி. ஆனால் அந்தப் பணம் அப்படிச் செலவாகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கும் குறைவான பணத்தில் மூன்று வருசம் வகுப்பு நடத்தலாம். எப்படி என்பதைக் கணக்கோடு கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் முகாம். பள்ளிக்குள் பரிசோதனை என்ற பேச்சே வேண்டாம். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. சம்மதம் வாங்காமல் யாருக்கும் சோதனை செய்யக் கூடாது, 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும், முடிவு வெளியே போகக் கூடாது. வரிசையில் நின்ற நாற்பது பிள்ளைகளில் ஒருத்தியை மட்டும் மறுநாள் தனியாகக் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அந்தக் குடும்பம் அதற்கப்புறம் நம்மூரில் எப்படி இருக்கும்? சோதனை வேண்டியவர்களுக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்கிறார்கள், முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுகிறார். அங்கே போகலாம் என்று சொல்லித் தருவதுதான் பள்ளியின் வேலை.

டிசம்பர் 1ஆம் தேதியும் தோதான நாள் இல்லை. அரையாண்டுத் தேர்வு கழுத்தை நெரிக்கும் நேரம். பேரணிக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்து கணக்குப் புத்தகத்தைத்தான் திறப்பார்கள். வகுப்புக்கு நல்ல மாதங்கள் ஜூலை, ஆகஸ்ட். விட்டுப்போனதை முடிக்க ஜனவரி.

நம்ம பகுதிக்கு இது ஏன் முக்கியம் என்பதைப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரியும் போர்வெல் போடும் ரிக் வண்டியும் சோறு போட்ட பூமி. மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளிமாநிலத்தில் இருக்கிற ஆண்கள், வீட்டில் காத்திருக்கிற பெண்கள். 2006 வாக்கில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் மாவட்டங்களைத் தரம் பிரித்தபோது நாமக்கல் ‘ஏ’ பிரிவில் இருந்தது. கர்ப்பிணிகளிடம் எடுத்த கண்காணிப்பில் தொற்று ஒரு சதவீதத்தைத் தாண்டிய மாவட்டங்களின் பட்டியல் அது. இன்றைக்கு நாட்டு அளவில் வயது வந்தோரில் 0.2 சதவீதம்தான். பெரிய முன்னேற்றம். ஆனால் தொற்று குறையக் குறைய அதைப் பற்றிய பேச்சும் குறைந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் எச்.ஐ.வி. பற்றி முழுமையாகச் சரியாகத் தெரிந்த பெண்கள் ஏறத்தாழ 22 சதவீதம், ஆண்கள் 31 சதவீதம். ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். இப்போது ஒன்பதாவது படிக்கிற பையனுக்குப் புள்ளிராஜாவும் தெரியாது, அதற்குப் பதிலாக வேறெதுவும் சொல்லித் தரப்படவும் இல்லை.

பாடமே இல்லையா என்று சிங்கப்பூர் அக்கா கேட்டிருந்தார்கள். இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் வருகிறது. 2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டம் என்று ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் 16 மணி நேரப் பாடத்தைக் கொண்டுவந்தது. 2020இல் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் வந்தது. அதன் 11 தலைப்புகளில் ஒன்று இனப்பெருக்க நலமும் எச்.ஐ.வி. தடுப்பும். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடுமானால் ஆண் ஒருவர், பெண் ஒருவர், இதற்குப் பொறுப்பு. ஆக, ஏட்டில் எல்லாம் இருக்கிறது. நடப்பது என்ன? அந்தப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். இல்லையென்றால் ‘இதை நீங்களே வீட்டில் படிச்சுக்குங்க’ என்று பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள். ஆசிரியருக்குத் துணிச்சலும் பயிற்சியும் இல்லாததுதான் ஓட்டை. நம் பணம் அந்த ஓட்டையை அடைக்கத்தான் போக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு ஏன் என்றால், பத்தாவது முடிந்ததும் கிளீனராகவோ ரிக்கில் ஆளாகவோ வண்டி ஏறிவிடும் பையன்களை அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் பிடிக்க முடியாது. பத்தும் பன்னிரண்டும் பொதுத்தேர்வு வகுப்பு, தலைமையாசிரியர் தொடவே விடமாட்டார். ஆகவே ஒன்பதுக்கு ஆறு பாடவேளை, பதினொன்றுக்கு நான்கு. பாடவேளை 45 நிமிடம். பதினாறு மணி நேரமும் வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. ஆறு கேட்டால் கிடைக்கும், ஆனால் அந்த ஆறும் நேர அட்டவணையில் அச்சாகி இருக்க வேண்டும்.

என்ன சொல்லித் தருவது என்பதில்தான் பணம் பயனாகிறதா வீணாகிறதா என்று முடிவாகும். மேற்குக் கென்யாவில் 328 பள்ளிகளில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. ‘திருமணம் வரை விலகியிரு’ என்ற அரசுப் பாடத்தை நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். மாணவிகள் கருவுறும் விகிதத்தில் (பாதுகாப்பில்லாத உறவுக்கு அதுதான் அடையாளம்) மாற்றமே இல்லை. அதே பள்ளிகளில் சிலவற்றில் ஒரே ஒரு 40 நிமிட வகுப்பில், எந்த வயது ஆண்களிடம் தொற்று எவ்வளவு என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். வயது மூத்த ஆண்களிடம் அதிகம் என்பது அந்தப் பெண்பிள்ளைகளுக்கு அதுவரை தெரியாது. கருவுறுதல் 28 சதவீதம் குறைந்தது. சீருடை இலவசமாகத் தந்த பள்ளிகளில் பெண்கள் படிப்பை நிறுத்துவதும் குறைந்தது. சீருடை நம் திட்டத்தில் இல்லை, அதில் நாம் கைவைக்க வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது இது: பயமுறுத்துவதும் புத்தி சொல்வதும் வேலைக்காகாது, எங்கே ஆபத்து அதிகம் என்ற தகவலே பிள்ளைகளின் முடிவை மாற்றுகிறது. நம் ஊரில் அதைச் சொல்வதென்றால், கல்யாணமே பாதுகாப்பு என்ற நினைப்பைத் தொட்டே ஆக வேண்டும். இந்த நோய் வந்த பெண்களில் மிகப் பலருக்குக் கணவரிடமிருந்துதான் வந்தது.

ஒரு வகுப்பை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், பயிற்சியில் இதைக் கட்டாயம் கேளுங்கள். 31 காகிதக் கப், ஒவ்வொன்றிலும் பாதி தண்ணீர். முப்பது மாணவர்களுக்கு, ஒன்று ஆசிரியருக்கு. ஆசிரியர் கப்பில் மட்டும் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா கரைத்திருக்கும். பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். ஒருவர் தன் கப்பை இன்னொருவர் கப்பில் முழுக்க ஊற்றி, கலந்து, பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு ஆள். பிறகு வேதியியல் ஆய்வகத்திலிருந்து, காரம் இருந்தால் ரோஸ் நிறம் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு ஒவ்வொரு கப்பிலும். ஒரே கப்பில் தொடங்கியது எட்டுக் கப் வரை ரோஸ் நிறமாகும். யாருடனும் கலக்காதவர் கப் நிறம் மாறாது, ஆணுறைக்கு அடையாளமாகக் கப்புக்கு மூடி போட்டவர் கப்பும் மாறாது.

இதில் இரண்டு தவறு நடக்கும். சோடா கப்பை ஒரு மாணவன் கையில் கொடுத்தால் அவனுக்கு வருசம் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் ஆசிரியர் கையில். அடுத்து, நம்மூர் போர்த் தண்ணீர் உவர், அதில் காரமும் இருக்கலாம். சோடா போடாமலே வெளிர் ரோஸ் காட்டலாம், பாடமே கவிழ்ந்துவிடும். கேன் தண்ணீர் வாங்கி, முதல் நாளே ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட வேண்டும். யாரும் குடித்துவிடாமல் பார்ப்பதும், முடிந்ததும் கை கழுவ வைப்பதும் ஆசிரியர் பொறுப்பு.

கேள்விப் பெட்டி இதைவிட முக்கியம். பூட்டுப் போட்ட ஒரு அட்டைப்பெட்டி போதும். எல்லாருக்கும் ஒரே அளவுத் துண்டுத்தாள். எல்லாரும் எழுதியே ஆக வேண்டும், கேள்வி இல்லாதவர் இன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டார் என்று எழுதட்டும். இல்லாவிட்டால் குனிந்து எழுதுகிறவரை மற்றவர்கள் கவனிப்பார்கள். அங்கேயே பிரித்துப் படிக்கக் கூடாது. இரண்டு ஆசிரியரும் சேர்ந்து பிரித்து, அடுத்த வாரம் பதில் சொல்ல வேண்டும். கொசு கடித்தால் வருமா, ஒரே தட்டில் சாப்பிட்டால் வருமா என்பவைதான் அதிகம் வரும். வராது என்று தெளிவாகச் சொல்லலாம். திருவிழாவில் ஒரே ஊசியால் பச்சை குத்துவது, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வது இரண்டும் இப்போது கட்டாயம் பேச வேண்டியவை. ஆணுறை பற்றிய கேள்வி ஒன்பதாம் வகுப்பிலும் வரும். வந்தால் மழுப்பாமல் இரண்டு வரியில் பதில் சொல்ல வேண்டும். பதினொன்றில் அது பாடத்திலேயே இருக்க வேண்டும்.

சில துண்டுத்தாள்கள் வேறு மாதிரி இருக்கும். ‘எங்க மாமா...’ என்று தொடங்கும் ஒரு வரி போதும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அப்படித் தெரியவந்தால் புகார் செய்வது ஆசிரியரின் கடமை, மறைப்பது குற்றம். பெயர் இல்லாத தாள் என்றால் அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாகக் குழந்தைகள் உதவி எண் 1098ஐயும், எந்த டீச்சரிடம் தனியாகப் பேசலாம் என்பதையும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு உதவி எண் 1097, இலவசம். இந்தப் பகுதியைச் சொல்லித் தராத பயிற்சிக்கு நாம் பணம் தரக் கூடாது.

இன்னொன்று. வகுப்பில் ஒரு பிள்ளைக்காவது வீட்டில் யாருக்கோ, ஏன், தனக்கே கூட இந்தத் தொற்று இருக்கலாம் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்டையோட்டுப் படம், ‘உயிர்க்கொல்லி’ என்ற சொல், இரண்டும் வேண்டாம். தினம் மாத்திரை சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் பரவாது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு நூற்றுக்கு 15 முதல் 45 வரை வரலாம், சிகிச்சை எடுத்தால் ஐந்துக்கும் கீழே. இதைக் கேட்டு அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்கார வேண்டும்.

அனுமதிக்கு வருவோம். 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத் உள்ளிட்ட பல மாநிலங்களில் இந்தப் பாடத்தை நிறுத்தினார்கள். புத்தகத்தில் இருந்த படங்கள்தான் பிரச்சினையின் தொடக்கம். நமக்கும் அது நடக்கும், பெற்றோர் கண்ணில் படாமல் நடத்தினால். ஆகவே முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் புத்தகத்தையும் படங்களையும் பிரித்து வைத்துக் காட்டித் தீர்மானம் போட வேண்டும். பிறகு தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கடிதம். சென்னை அரசுப் பள்ளியில் வெளியாள் ஒருவர் பேசியது 2024 செப்டம்பரில் பெரிய சர்ச்சையானபின் வெளியாட்களை உள்ளே விடத் தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள், தயங்குவதும் சரி. வகுப்பைப் பள்ளி ஆசிரியரே எடுக்கட்டும், நம்பிக்கை மைய ஆலோசகர் மட்டும் அனுமதியோடு வரட்டும்.

ஒரு வருசக் கணக்கு, நம் திட்டப்படி:

நான்கு ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, பயணம், சாப்பாடு, பயிற்றுநர் – 18,000
கைப்புத்தகம் 240 × 25 – 6,000
கப், ரசாயனம், பெட்டி, தாள் – 3,000
பெற்றோர் கூட்டம் இரண்டு, டீ சுண்டலோடு – 9,000
ஆலோசகர் வண்டிச் செலவு, பத்து முறை – 5,000
முன், பின் வினாத்தாள் நகல் – 2,000
மறுபயிற்சிக்கு ஒதுக்கு – 9,000

ஆக 52,000. மூன்று வருசத்துக்கு 1,56,000.

இரண்டு ஆசிரியர் போதுமே, ஏன் நான்கு என்றால், இடமாறுதல் கலந்தாய்வில் பயிற்சி பெற்றவர் வேறு ஊருக்குப் போய்விடுவார், திட்டம் அதோடு நின்றுவிடும். கடைசி வரியும் அதற்குத்தான். புரொஜெக்டர், கம்ப்யூட்டர் எதுவும் வாங்க வேண்டாம், பள்ளியில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. வினாத்தாளில் பத்துக் கேள்வி, பெயர் எழுதக் கூடாது. வகுப்புக்கு முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை. அந்த மூன்று எண்கள்தான் நமக்கு வரும் அறிக்கை. பிள்ளைகள் முகம் தெரியும் படம் கேட்காதீர்கள், இந்த விசயத்தில் அது நியாயமில்லை.

கடைசியாகப் பணம் போகும் வழி. இதில் தப்பு செய்தால் ஊரில் பொறுப்பெடுத்தவர் மாட்டிக்கொள்வார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நாம், வெளிநாட்டில் சம்பாதித்தாலும், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஊரில் பதிவான அறக்கட்டளைக்கு நேராக அனுப்பலாம். ஆனால் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும், வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவார்கள். அவர்கள் பணம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புக்கு, டில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அது வைத்திருக்கும் கணக்குக்கு மட்டுமே போக முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே வகுப்பை நடத்துகிற அமைப்பே அந்தப் பதிவு வைத்திருக்க வேண்டும்.

எல்லார் பணத்தையும் சிங்கப்பூர்ச் சங்கக் கணக்கில் சேர்த்து மொத்தமாக அனுப்பலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே பதிவான சங்கத்திலிருந்து போனால் இந்தியக் குடிமகன் போட்ட ரூபாயும் வெளிநாட்டுப் பணமாகிவிடும். தலைமையாசிரியர் கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். அரசு ஊழியர் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை அதே எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் தடை செய்கிறது, நல்ல மனுசர் ஒருவர் வேலைக்கு நாமே உலை வைத்ததாகிவிடும்.

ஆகவே தொகை எழுதும்போது எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதையும் சேர்த்து, குழுவுக்குப் போடாமல் பொருளாளருக்குத் தனி மடலில் அனுப்புங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் என்ற இரண்டு பட்டியலும் மே மாதக் கடைசிக்குள் கையில் இருந்தால், ஜூனில் பள்ளி திறந்ததும் மேலாண்மைக் குழுவின் முதல் கூட்டத்திலேயே தீர்மானத்தை வைத்துவிடலாம்.