பிக்கப் கூரை மேல வர்ற 5 லைட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்றது?

ஹூஸ்டன் ஆசிரியை எழுதியது:

வணக்கம். சனிக்கிழமை வகுப்புக்கு முன்னாடி ஒரு சொல் வேணும். எங்க வாரயிறுதித் தமிழ் வகுப்புல "வீட்டுல நான் செஞ்ச வேலை"ன்னு எழுதச் சொன்னேன், ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருத்தன் அப்பாகூட சேந்து பழைய பிக்கப்புக்கு கேப் லைட், அதான் கூரைக்கு வெளிய வரிசையா எரியுற 5 லைட்டு, மாட்டுனதை எழுதிட்டு வந்திருக்கான். அட்டையில அச்சு வெட்டி கூரையில டேப் போட்டு ஒட்டுனது, நடுக்கோட்டை மறுபடி மறுபடி அளந்தது, ட்ரில் பண்ணுனப்ப தெறிச்ச இரும்புத்தூளைக் காந்தத்தால எடுத்தது, துரு பிடிக்காம இருக்க ஓட்டை விளிம்பு பூரா பெயின்ட் தொட்டு வெச்சது, கேஸ்கெட்டுக்குக் கீழ சிலிக்கான் போட்டதுன்னு ஒண்ணு விடாம எழுதியிருக்கான். கடைசில அப்பா ஹோஸ் பைப்பால கூரைமேல தண்ணி அடிக்கிறாரு, இவன் உள்ள சீட்ல உக்காந்து ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழயும் கையை விரிச்சுப் பிடிச்சு சொட்டு விழுதான்னு பாத்திருக்கான். படிச்சிட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனா பக்கம் முழுக்க "கேப் லைட்". "கூரை விளக்கு"ன்னு திருத்தலாம்னு பாத்தா, உள்ள எரியுற டோம் லைட்டும் கட்டுரையில வருது, அதைக் கழட்டிட்டுத்தான் உள்கூரைத் துணியை இறக்குறாங்க. ரெண்டும் கூரையில இருக்கு, ரெண்டும் விளக்கு. என்ன பண்ண?

நாமக்கல் பட்டறைக்காரர் எழுதியது:

டீச்சருங்க, மொதல்ல அது எதுக்குன்னு பாத்துட்டுப் பேர் வெப்போம். உங்க நாட்டுச் சட்டத்துல வண்டி அகலம் 80 இன்ச், அதாவது 2032 மில்லிமீட்டர், அந்த அளவோ அதுக்கு மேலயோ இருந்தா இந்த லைட்டு கட்டாயமுங்க. பின்னாடி ரெட்டை வீல் போட்ட பிக்கப்பெல்லாம் அதுல வந்துரும். நடுவுல 3 லைட்டு, ஒண்ணுக்கொண்ணு 6ல இருந்து 12 இன்ச் இடைவெளி, அது தூரத்துல வர்றது பெரிய வண்டின்னு அடையாளம் காட்ட. ரெண்டு ஓரத்துலயும் இருக்கறது வண்டி எம்புட்டு அகலம்னு காட்ட. முன்னாடி ஆரஞ்சு, பின்னாடி செவப்பு. ஆக இது ஒரு சாமான் இல்லீங்க, ரெண்டு. ஓரத்துல இருக்கறது அகலங்காட்டி, நடுவுல இருக்கறது இனங்காட்டி. திசைகாட்டி மாதிரி யாருக்கும் புரியும். கேப் லைட்டுன்னே உட்டாலும் தப்பில்லைங்க, எங்க பட்டறைல கேபின் லைட்டுன்னா உள்ள எரியுறது, அந்தக் குழப்பம் மட்டும் இருக்கு.

கனடா ஸ்கார்பரோவில இருந்து:

அகலங்காட்டி நல்ல சொல்லுத்தான், ஆனா அஞ்சையும் சேத்துச் சொல்ல ஒண்டு வேணுமே, பிள்ளை அஞ்சையும்தானே பூட்டினவன். முகட்டு விளக்கு எண்டு வைப்பம். கூரையின்ர ஆக உயர்ந்த இடம்தான் முகடு, அதுக்கு வெளியில. உள்ளுக்கு எரியிறதை ஆரும் முகட்டு விளக்கு எண்டு சொல்லமாட்டினம். நாங்கள் வேலையில்லாமல் இருக்கிறவரை முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார் எண்டுதான் சொல்லுறது.

தஞ்சாவூர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

முகடு + விளக்கு, உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், டகரம் இரட்டிச்சு முகட்டு விளக்கு. புணர்ச்சி சுத்தம். எங்க பக்கம் மோட்டுவளையைப் பாத்துகிட்டு உக்காந்திருக்கான்னு சொல்றோமே, முகடுதான் மோடு ஆச்சு. ஆனா எனக்கு அதைவிட அந்தப் பையன் எழுதுன "மாட்டுனோம்"ங்கிற வினைதான் மனசுல நிக்குது, அதைப் பொருத்தினோம், நிறுவினோம்னு தயவுசெஞ்சு திருத்திடாதீங்கம்மா. பெரும்பாணாற்றுப்படைங்கிற சங்கப் பாட்டுல கலங்கரை விளக்கத்தைச் சொல்றப்ப "இரவில் மாட்டிய இலங்குசுடர் ஞெகிழி"ன்னு வருது. ஞெகிழின்னா தீக்கொள்ளி, அங்க மாட்டுறதுன்னா கொளுத்துறது. இன்னிக்கு மாட்டுறதுன்னா ஆணியில சட்டையை மாட்டுறோமே அது. அந்தப் பையன் மாட்டுனதுல ரெண்டும் இருக்கு பாருங்க, கூரையில பொருத்தவும் செஞ்சான், எரியவும் வெச்சான். உயரத்துல தீ வெச்சுத் தூரத்துல வர்றவனுக்குக் காட்டுறது நமக்குப் பழைய வேலை. அந்தப் பாட்டுல "ஓடுகலம் கரையும்"னு வர்ற கரைதலுக்கு அழைக்கிறதுன்னு பொருள், காக்கா கரையுதுன்னு சொல்றோம்ல. அதனால "ஞெகிழி"யையே ஏன் மீட்டெடுக்கக்கூடாது?

நாமக்கல்:

ஐயா, ஞெகிழின்னு கடையில கேட்டா நெகிழிப் பையை எடுத்துக் குடுப்பாங்க. கார், பஸ்ஸுன்னு எழுதறோமே, தொல்காப்பியரே திசைச்சொல்லுக்கு, அதாவது வெளியில இருந்து வர்ற சொல்லுக்கு, இடம் குடுத்திருக்காருன்னு நீங்கதானே முன்ன ஒருதரம் எழுதுனீங்க?

ஸ்கார்பரோ:

அதுக்கு நான் ஒத்துக்கொள்ளன். தொல்காப்பியத்தில திசைச்சொல் எண்டது செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொல்லு, இங்கிலிஸை அதுக்குள்ள கொண்டுவர ஏலாது. இஞ்ச பிறந்த பிள்ளையளுக்குத் தமிழ்ச் சொல்லுக் கிடைக்கிறதே கிழமையில ஒரு நாள், அண்டைக்கும் கேப் லைட் எண்டே படிப்பிச்சால் பிறகு ஆர் குடுக்கிறது?

தஞ்சாவூர்:

திசைச்சொல் விஷயத்துல ஸ்கார்பரோ சொல்றது சரி, தமிழ் வழங்காத நாட்டுச் சொல்லையும் திசைச்சொல்லுல சேக்குறது நன்னூல்தான், நான் அன்னிக்கு அதை மனசுல வெச்சு எழுதிட்டேன். ஞெகிழியை வலியுறுத்தல, ஆனா மாட்டுனோம் இருக்கட்டும்.

நாமக்கல்:

ஒரே ஒரு கேள்விங்க. ஃபோர்ட் ராப்டர் பிக்கப் 2010 மாடலா வந்தப்பவே 80 இன்ச்சைத் தாண்டுன அகலம், ஆனா அந்த 3 லைட்டு கூரையில இல்ல, முன்னாடி கிரில்லுக்குள்ள இருக்கு. அதுக்கு என்ன பேரு? முகட்டுல இல்லாத முகட்டு விளக்கா? எடத்தை வெச்சுப் பேர் வெச்சா எடம் மாறுனா பேர் செத்துப்போகுமுங்க, வேலையை வெச்சுப் பேர் வெச்சா நிக்கும்.

தஞ்சாவூர்:

முக்காலின்னா மூணு காலுள்ள எல்லாமுமா முக்காலி? காரண இடுகுறியா, அதாவது காரணத்தோட வெச்சு வழக்கத்துல ஒண்ணுக்கே நிலைச்ச பேரா நின்னுடும், பயப்படாதீங்க.

ஹூஸ்டன்:

எல்லாருக்கும் நன்றி. நாளைக்குக் காலையில வகுப்பு. தனி மடல்ல வந்ததையும் சேத்தா முகட்டு விளக்குக்கு 4 பேரு, அகலங்காட்டிக்கு 2 பேரு. போர்டுல முகட்டு விளக்குன்னு எழுதுறேன், ஓரத்து ரெண்டு அகலங்காட்டி, நடு மூணு இனங்காட்டின்னு கீழ படம் போட்டுக் காட்டுறேன். மாட்டுனோம்ல கை வெக்கல.

நாமக்கல்:

படம் போடறப்ப ராப்டரையும் பக்கத்துல போட்டுக் காட்டுங்க டீச்சர். அந்தப் பையன் என்ன சொல்றான்னு எழுதுங்க. நான் அகலங்காட்டியை விடறதா இல்லைங்க.