டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் கேட்டால் என்ன செய்வீர்கள்?

தலவாக்கலைத் தம்பி:
ஹட்டன் பக்கம் ஒரு பார்மசியில் மருந்தாளராக இருக்கிறேன். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் அம்மாக்கள், "போன தடவை தந்த சிவப்பு மஞ்சள் கெப்சியூல் நாலு குடு தம்பி" என்கிறார்கள், மறுத்தால் அடுத்த கடைக்குப் போகிறார்கள், முதலாளி முறைக்கிறார். தொழில் நியமமெல்லாம் சுவரில் தொங்கும் சான்றிதழோடு சரியா?

பண்டாரவளை அக்கா:
அது அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக்காகத்தான் இருக்கும். துண்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது தம்பி. ஆனால் வெறுமனே "இல்லை" என்று சொல்லி அனுப்பாதே. எத்தனை நாள் காய்ச்சல், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, அங்கே மருந்து இலவசம். நாலே நாலு வாங்கிப் பாதியில் நிறுத்துவதால் கிருமி மருந்துக்குப் பழகிப்போகும் என்பதையும் சொல், நின்று கேட்பார்கள்.

நுவரெலியாக்காரன்:
உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச மருந்தாளர் கூட்டமைப்பும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட நல்ல மருந்தக நடைமுறை நியமத்தை வாசித்தேன், நல்லதுதான். தனியாக வைத்து ஆலோசனை சொல்ல என் கடையில் இடமில்லை, சனிக்கிழமை கூட்டத்தில் நிற்கவே இடமில்லை! ஆனாலும் உறையில் காலை, இரவு என்று தமிழில் எழுதிக் கொடுக்கிறேன், அதற்கு யார் அனுமதி வேண்டும்?

தலவாக்கலைத் தம்பி:
சரி அக்கா, கேட்டுப் பார்க்கிறேன். முதலாளியிடம் மட்டும் நீங்களே பேசுங்கள்.