வலையா, அலையா? இருவகை இன்வேட்டருக்கு ஒரு சொற்சோடி

அன்பின் நண்பர்களுக்கு,

சூரியத் தகட்டிலிருந்தும் பற்றரியிலிருந்தும் வரும் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் கருவி இன்வேட்டர். அதில் grid-forming, grid-following என்ற இருவகைக்கும் நீங்கள் முன்வைத்த 'வலையாக்கி', 'வலைதொடரி' என்ற இரண்டையும் என் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். வாழைச்சேனைப் பிள்ளை ஒருத்தி, "வலையாக்கி எண்டால் வலை பின்னுறவர்தானே சேர்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நாம் வலையாக்கி என்னும் இன்வேட்டர் எந்த வலையையும் ஆக்குவதில்லை. தூணும் கம்பியும் ஏற்கெனவே நிற்கின்றன. அது ஆக்குவது ஆடலோட்டத்தின் அலையை: 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் மின்சாரம் போன அன்று மட்டக்களப்பில் எங்கள் கூரைத் தகடுகளில் நல்ல வெயில். வீட்டில் விசிறி சுற்றவில்லை. ஏன்? கூரை இன்வேட்டர் கம்பியில் வரும் அலையைப் பார்த்து, அதன் அவத்தையை (phase, ஏற்ற இறக்கத்தில் அலை அந்தக் கணத்தில் நிற்கும் இடம்) பிடித்துக்கொண்டுதான் ஓட்டத்தைச் செலுத்தும். பிடிக்க அலை இல்லையென்றால் நின்றுவிடும். கம்பியில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்காக அது நிற்கவும் வேண்டும்.

கூத்துக் களரியை நினையுங்கள். மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியார் தாளத்தைத் தருகிறார், பிற்பாட்டுக்காரர் அதைப் பிடித்துப் பாடுகிறார்கள். எல்லாரும் பிற்பாட்டுக்காரராகிவிட்டால் கூத்து நடக்காது. இதுவரை அண்ணாவியார் வேலையைச் செய்தவை இங்கினியாகலை போன்ற மின்நிலையங்களில் சுழலும் பாரமான எந்திரங்கள். மீடிறனை, அதாவது அந்த 50 ஹேர்ட்ஸை, சட்டென்று விழவிடாமல் தாங்குவது அவற்றின் சடத்துவம் (inertia, சுழல்வது சுழன்றுகொண்டே இருக்க முயலும் இயல்பு). சூரியத் தகட்டில் சுழல எதுவுமில்லை. அதனால்தான் அலையைத் தானே தரும் இன்வேட்டரும் தேவைப்படுகிறது.

கணினி மாதிரியிலும் இந்த வேறுபாடுதான் முதலில் வருகிறது. அலையைத் தொடர்கிறதை ஓட்ட முதலாக (current source) வரைகிறோம், அலையைத் தருகிறதை வோல்ற்றளவு முதலாக (voltage source). நலிந்த நீண்ட கம்பியின் முடிவில் தொடர்கிறதை மாதிரியிடும்போது, அவத்தையைப் பிடிக்கும் சுற்றையும் சேர்க்காவிட்டால், நிசத்தில் ஆட்டம் காண்பது திரையில் அசையாமல் நிற்கும். மாணவர் அதிகம் தவறுவது இங்கேதான்.

ஆகவே என் முன்மொழிவு: grid-forming என்பதற்கு அலைதரு இன்வேட்டர், grid-following என்பதற்கு அலைதொடர் இன்வேட்டர். இன்வேட்டரை அப்படியே விடுவோம், காத்தான்குடிக் கடையிலும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

*

சேர், கல்முனையிலிருந்து எழுதுகிறேன். அலைதொடர் எனக்குச் சம்மதம். 'தரு' என்றால் நமது பக்கத்தில் கூத்துப் பாட்டு. மரம் என்றும் எடுப்பார்கள். அத்தோடு, மின்கட்டமைப்பு என்ற பொருளே இதில் விடுபடுகிறதே?

*

தம்பி, 'நிழல்தரு மரம்' என்று எழுதினால் யாரும் பாட்டு என்று எடுக்கமாட்டார்கள். முன்னால் பெயர் நின்றால் பொருள் தெளிவு. மற்றது சரியான குறைதான். ஆனால் கட்டமைப்பில்லாத தனி வீட்டிலும், பற்றரியோடு நிற்கும் அலைதரு இன்வேட்டர் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் அந்தச் சொல் இல்லாததே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, இன்வேட்டரில் மென்பொருள் கொண்டு உண்டாக்கும் சடத்துவம் (synthetic inertia). 'போலிச் சடத்துவம்' வேண்டாம். பற்றரியிலிருந்து வரும் சக்தி மெய்யானது. 'ஆக்கச் சடத்துவம்' எப்படி?