பழைய பெட்டியில் பர்மா, பினாங்கு கடிதங்கள்: ஸ்டாம்பைத் தனியாக எடுத்து விற்கலாமா?

மாத்தூர்ப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஊரில் எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டைக் காலி செய்தபோது ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதங்கள் கிடைத்தன. கம்பியில் குத்தி, பிறகு வருஷவாரியாக நூல் கட்டி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ரங்கூன், மோல்மேன், பினாங்கிலிருந்து வந்தவை. சைகோன் கொஞ்சம். எங்கள் முன்னோர்கள் அங்கே வட்டிக்கடை வைத்திருந்தார்கள். கவரில் ஆள் பெயருக்கு முன்னால் எங்கள் விலாசத்தின் (குடும்பக் கடைப் பெயரின்) முதலெழுத்துகள் நீளமாக இருக்கின்றன.

ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு, மொத்தத்துக்கும் 15,000 ரூபாய் தருகிறேன் என்றார். கடுதாசி தனக்கு வேண்டாமாம், ஸ்டாம்பை மட்டும் வெட்டிக் கொடுத்தாலும் போதுமாம். சித்தப்பா வேறு, வெந்நீரில் ஊறவைத்து ஸ்டாம்பை உரித்து ஆல்பமாகப் போட்டு ஏலத்தில் விட்டால் இன்னும் கூடுதலாக வரும் என்கிறார். பங்காளிகள் எல்லோரும் அடுத்த மாதம் கூடுகிறோம், அதற்குள் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு இதில் அனுபவம் கிடையாது. ஸ்டாம்பைப் பிரிக்கலாமா? ஏலம் என்றால் எப்படி விடுவது?

ஆர்.எம்.எஸ். அக்கா:

தம்பி, ஊறப்போட வேண்டாம், வெட்டவும் வேண்டாம். சித்தப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நான் ரயில்வே அஞ்சல் பிரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முத்திரை படிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. பழைய கவர் சேர்க்கும் பழக்கமும் அங்கே தொற்றியதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தக் கவர்களில் இருப்பது அதிகமும் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஓரணா, இரண்டணா ஸ்டாம்பாகத்தான் இருக்கும். கணக்கில்லாமல் அச்சடித்தவை. உரித்து எடுத்தால் கிண்ணத்தில் கொட்டிச் சில ரூபாய்க்கு விற்கிற சரக்கு. அதே ஸ்டாம்ப் கவரில் இருந்தால் கதையே வேறு. எந்த ஊரில் எந்தத் தேதியில் போட்டார்கள், எவ்வளவு கட்டணம் கட்டினார்கள், கப்பலா விமானமா, வழியில் எங்கெல்லாம் முத்திரை விழுந்தது, யார் பிரித்துப் பார்த்தார்கள், எந்தத் தேதியில் ஊர் வந்து சேர்ந்தது, எல்லாம் அந்த ஒரே காகிதத்தில் இருக்கிறது. கவர் சேர்ப்பவர்கள் விலை கொடுப்பது இந்தப் பயணத்துக்குத்தான். ஸ்டாம்பை உரித்த மறுநிமிஷம் அது போய்விடும். திரும்ப ஒட்டினாலும் வராது, ஏனென்றால் முத்திரையின் பாதி ஸ்டாம்பிலும் மீதிப் பாதி கவரிலும் அல்லவா இருக்கிறது.

என்னிடம் உள்ள ஒரு கவரை இப்போது கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பர்மாவின் 3 அணா ஸ்டாம்ப், தேக்கு மரத்தோடு யானை நிற்கும் 1938 வரிசை. ரங்கூன் முத்திரையில் 19 டிசம்பர் 1941. இடது ஓரத்தில் ‘எக்ஸாமினர் பிரித்தது’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதப் பட்டை (போர்க்காலத் தணிக்கையில் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டுவது), அதன் ஒரு முனை முன்பக்கம், மறுமுனை பின்பக்கம். பின்னால் ஊர் வந்து சேர்ந்த முத்திரையில் 1942 ஜனவரி. இந்தக் கவர் போட்ட நாலாம் நாள், டிசம்பர் 23 அன்று, ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. மார்ச் 8-இல் ரங்கூன் விழுந்தது. நம் ஊர்க்காரர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்தார்கள், வழியிலேயே இறந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த 3 அணா ஸ்டாம்பைத் தனியே எடுத்தால் இதில் ஒரு வரி கூட மிஞ்சாது.

எனவே உங்கள் கட்டுகளில் முதலில் தேதியைப் பாருங்கள். எனக்குத் தெரிந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடங்கள் இவை. 1937 ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய நாள் வரை ரங்கூனில் ஒட்டியதும் இந்திய ஸ்டாம்ப்தான். பிரிந்ததும் அதே இந்திய ஸ்டாம்பில் பர்மா என்று ஆங்கிலத்தில் ஓவர்பிரிண்ட் செய்து, அதாவது ஸ்டாம்பின் மேலேயே மறுபடி அச்சடித்து, விற்றார்கள். அந்த மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத் தேதிகள் கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள். அப்புறம் 1941 டிசம்பர் முதல் 1942 மார்ச் வரை. மலாயா பக்கம் இன்னும் சீக்கிரம்: பினாங்கு 1941 டிசம்பரிலேயே ஜப்பான் கைக்குப் போய்விட்டது, கோலாலம்பூர் ஜனவரி 11, சிங்கப்பூர் பிப்ரவரி 15. இங்கிருந்து போட்டு, போய்ச் சேர முடியாமல் ‘சர்வீஸ் நிறுத்தம்’ என்ற முத்திரையோடு திரும்பி வந்த கவர் ஏதாவது இருந்தால், அதைக் கையாலேயே தொடாதீர்கள் என்று சொல்லுமளவுக்கு எனக்குப் பிரியம்.

விமானத் தபாலையும் கவனியுங்கள். 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்த முதல் பயணக் கவர்களுக்கு இன்றும் ஆள் உண்டு. வெளிநாட்டு வணிகம் செய்த குடும்பங்களில் தட்டுப்படும்.

கம்பி குத்திய ஓட்டை விலையைக் கொஞ்சம் குறைக்கும், உண்மை. அதற்காக ஒட்டவோ அடைக்கவோ போக வேண்டாம். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் அறவே கூடாது. ராமபாணப் பூச்சி இருந்தால் கட்டைப் பிரித்து நிழலில் ஆற விடுங்கள், வெயிலில் அல்ல. வந்திருந்த வரிசை மாறாமல் வையுங்கள்.

ஸ்டாம்ப் ராஜா:

அக்கா சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஆல்பம்தான். பூ, பறவை, ரயில் என்று ஸ்டாம்ப் மட்டும். கவர் இடத்தை அடைக்கும், பூச்சி பிடிக்கும், வாங்க ஆளும் குறைவு. 15,000 கையில் வந்தால் வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

ஆர்.எம்.எஸ். அக்கா:

ஆல்பம் சேர்ப்பதைக் குறை சொல்லவில்லை ஐயா, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஸ்டாம்ப் கண்காட்சிப் போட்டிகளில் அஞ்சல் வரலாறு என்றே தனிப் பிரிவு இருக்கிறது. அதில் வைப்பவர்கள் வாங்குவது கவரைத்தான். பர்மா, மலாயா, இந்தோசீனா அஞ்சல் வரலாறு சேர்ப்பவர்கள் ரங்கூனில் மட்டுமல்ல, லண்டனிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்கு வந்த கடிதங்கள் அவர்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த சரக்கு. பதிவுத் தபாலில், நிறைய ஸ்டாம்ப் ஒட்டி, ஆண்டுக்கணக்கில் ஒரே விலாசத்துக்கு வந்தவை அல்லவா. வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டவருக்கு ஒன்று இது தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

கோவை ஏலக்காரன்:

ஏலம் பற்றிக் கேட்டதால் நான் சொல்கிறேன். பல வருஷமாக வாங்கியும் விற்றும் வருகிறேன்.

ஏல நிறுவனத்திடம் கொடுத்தால் அவர்கள் லாட் லாட்டாக (தனித்தனியாக ஏலம் விடும் தொகுதிகளாக)ப் பிரித்து விவரம் எழுதிக் கேட்டலாக் போடுவார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு மதிப்பீடு, ஒரு ரிசர்வ் விலை. ரிசர்வுக்குக் கீழே விற்க மாட்டார்கள். சுத்தியல் விழுந்த விலையிலிருந்து உங்களிடம் கமிஷன் பிடிப்பார்கள். வாங்குபவரிடம் தனியாக பையர்ஸ் பிரீமியம் என்று ஒரு கூடுதல் கட்டணம், பெரும்பாலும் 15 முதல் 25 சதவீதம். ஆகவே பத்திரிகையில் வரும் விலை வேறு, விற்றவர் கைக்கு வரும் தொகை வேறு. கமிஷன், போட்டோ செலவு, இன்ஷூரன்ஸ், விலை போகாமல் திரும்பி வந்தால் என்ன கட்டணம், பணம் எத்தனை நாளில் வரும், இவ்வளவையும் எழுத்தில் வாங்காமல் ஒரு கவரும் கொடுக்காதீர்கள். ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற ஸ்டாம்ப் கம்பெனி போடும் கேட்டலாக் விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். அது நல்ல நிலையில் உள்ள ஸ்டாம்புக்குக் கடைக்காரர் கேட்கும் விலை. ஏலத்தில் அதில் ஒரு பங்குதான் வரும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை இருந்தால் கவனம். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டிய பொருள்களும், 75 வருஷம் தாண்டிய வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களும் அதன்கீழ் வரலாம். லண்டன் ஸ்பிங்க், ஜெனீவா டேவிட் ஃபெல்ட்மேன் என்று வெளிநாட்டு ஏல நிறுவனங்களைச் சொல்லி யாராவது ஆசை காட்டினால், தபாலில் போட்டு அனுப்புவதற்கு முன் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள். இந்தியாவுக்குள் விற்பதில் இந்தச் சிக்கல் இல்லை.

மாத்தூர்ப் பேரன்:

அக்கா, அண்ணே, மிக்க நன்றி. வியாபாரியிடம் இப்போதைக்கு விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சித்தப்பாவும் ஒத்துக்கொண்டார்.

இரண்டு சந்தேகம். பெட்டியின் அடியில் ஒரு சின்னக் கட்டு இருந்தது. அதில் கவர் கிடையாது, காகிதத்தையே மடித்து அரக்கு வைத்து மேலே விலாசம் எழுதியிருக்கிறார்கள். ஸ்டாம்பில் விக்டோரியா ராணி, ‘ஈஸ்ட் இந்தியா’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. மேலே எண்கோண வடிவக் கறுப்புக் கோடுகள், நடுவில் ஆங்கில பி எழுத்து, கீழே 147. உள்ளே தமிழில் பினாங்கு என்று தெளிவாகப் படிக்க முடிகிறது. இந்திய ஸ்டாம்ப் பினாங்கில் எப்படி? யாராவது பிறகு ஒட்டிய போலியா?

இன்னொன்று, அப்பாவின் ஆல்பத்தில் காந்தி 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒன்று இருக்கிறது. கோடிக்கணக்கில் போகும் என்று பங்காளி ஒருவர் சொல்கிறார்.

கோவை ஏலக்காரன்:

காந்திக்கு நான் பதில் சொல்கிறேன். 1948 ஆகஸ்ட் 15-இல் சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அடித்து வந்த நாலு ஸ்டாம்ப்: ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். 2017-இல் ஐந்து லட்சம் பவுண்டுக்குப் போனது அந்த 10 ரூபாயில் ‘சர்வீஸ்’ என்று ஓவர்பிரிண்ட் செய்த நாலு ஸ்டாம்ப் சேர்ந்த துண்டு. கவர்னர் ஜெனரல் உபயோகத்துக்காக மிகக் கொஞ்சமாக அடித்தது. சாதாரண 10 ரூபாய்க்கும் நல்ல விலை உண்டு, ஆனால் அந்தக் கணக்கே வேறு. போலியும் ஏராளம், சாதாரண ஸ்டாம்பில் சர்வீஸ் என்று அச்சடித்து ஏமாற்றுவதும் உண்டு. நிபுணர் குழுவின் சான்றிதழ் இல்லாமல் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

ஆர்.எம்.எஸ். அக்கா:

தம்பி, அந்தச் சின்னக் கட்டைப் பற்றி எழுதினீர்களே, படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

போலியாக இருக்க அவசியமே இல்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867 ஏப்ரல் 1 வரை இந்திய நிர்வாகத்தில் இருந்தவை. ஆகவே அங்கே இந்திய ஸ்டாம்ப்தான் ஒட்டினார்கள். தபாலாபீசுகளுக்குக் கொடுத்த எண்களும் இந்திய வரிசைதான்: சிங்கப்பூர் பி 172, மலாக்கா பி 109, பினாங்கு பி 147. அந்த வருஷம் பிரிந்த பிறகும் முதலில் வந்தது இந்திய ஸ்டாம்பில் கிரீடமும் சென்ட் மதிப்பும் அடித்த ஓவர்பிரிண்ட்தான். உங்கள் ஸ்டாம்பில் அந்தக் கிரீடம் இல்லை என்றால், 1867-இலோ அதற்கு முன்னாலோ பினாங்கிலிருந்து ஒருவர் தமிழில் எழுதி அனுப்பியது உங்கள் கையில் இருக்கிறது. உரித்த ஸ்டாம்பில் இந்த எண்ணைப் பார்த்தாலே சேர்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இங்கே முழுக் கடிதம், அதுவும் தமிழ்க் கடிதம். மடிப்பை அடிக்கடி திறந்து மூடாதீர்கள், மடிப்புக் கோட்டில்தான் முதலில் கிழியும். அரக்கைச் சுரண்டாதீர்கள்.

விற்கிறீர்களோ வைத்துக்கொள்கிறீர்களோ, அது குடும்பத்தின் முடிவு. ஒன்றை மட்டும் கைகூப்பிக் கேட்கிறேன். பிரிப்பதற்கு முன்னால் மொத்தத்தையும் பதிவு செய்துவிடுங்கள். ஒரு விலாசத்துக்கு அறுபது, எழுபது வருஷம் தொடர்ந்து வந்த கடிதங்கள் ஒரே இடத்தில் இருந்தால், கப்பல் எத்தனை நாள் எடுத்தது, விமானம் வந்ததும் எப்படி மாறியது, போரில் எங்கே அறுந்தது என்று கோடு போட்டுப் பார்க்கலாம். ஏலத்தில் லாட் லாட்டாகப் பிரிந்து நாலு நாட்டுக்குப் போன பிறகு எந்தக் கடிதம் எந்தக் கவருக்குள் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கவரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்த கடிதத்தைக் குப்பையில் போட்ட வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்திருக்கிறது. கடிதமும் கவரும் சேர்ந்தே லாட்டாகப் போக வேண்டும் என்று ஏல ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

உள்ளே வட்டிக் கணக்கு, சொத்து விவரம், குடும்பச் சண்டை எல்லாம் இருக்கும். அதனால் வெளியே போகுமுன் பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து படித்துவிடட்டும். பழைய வணிகக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஊரில் இருந்தால் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த சேகரிப்பிலிருந்து வளர்ந்தது அது. ஸ்கேன் பிரதிகளை அங்கே கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

ஸ்கேன் எடுக்கும்போது முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வேண்டும், எல்லோரும் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். ஸ்கேனரில் தெளிவு அளவை 600 டிபிஐ என்று வையுங்கள், ஓரத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். கவர் எண்ணும் அதற்குள் இருந்த கடிதத்தின் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். எண்ணைக் கவரில் எழுத வேண்டாம், தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். பி 147 கட்டிலிருந்து ஆரம்பியுங்கள். விலாசத்தை மறைத்துவிட்டு முத்திரை தெரிகிற மாதிரி ஒரு படம் இங்கே போட்டால், தேதியை நான் படித்துச் சொல்கிறேன்.