காலைக் கூட்டத்துக்குச் சந்தாவா, கல்யாண வீட்டுக்கு மொய்யா?

பவர்டேபிள்காரன்:
திருப்பூரில் பதினாறு மெஷின்களுடன் பவர் டேபிள், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறை, நடத்துகிறேன். வாரந்தோறும் காலை ஏழு மணிக்கு ஓட்டலில் கூடி, ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைக் காட்டிவிடும் ஒரு குழுவில், தொழிலுக்கு ஒருவர் என்ற கணக்கில் தையலுக்கான இடம் காலியாக இருப்பதாக அழைக்கிறார்கள். ஆண்டுச் சந்தா அரை லட்சத்தை நெருங்குகிறது. சேரலாமா?

நொய்யல்கரை:
வேண்டாம் தம்பி. ஒரு பனியன், நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் அழுத்துவது), கட்டிங், தையல் எனக் கைமாறித்தான் பெட்டிக்குள் போகிறது. ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் கடனுக்கே வேலை செய்கிறார்கள். சரக்கு திரும்பி வந்த இரவில் யார் உடன் நின்றார்கள் என்ற நினைவை வைத்தே அந்தக் கடன் கிடைக்கிறது. அந்தக் கூட்டத்தில் பல் மருத்துவரும் காப்பீட்டு முகவரும் இருப்பார்கள். அவர்களில் யார் உங்களுக்குத் தைக்கத் துணி தருவார்? அந்தப் பணத்துக்குச் சீர், காதுகுத்து, எழவு எதையும் விடாமல் போய் வாருங்கள். இரண்டு ஆண்டு சந்தா கட்டிய எனக்கு இட்லிதான் மிச்சம்.

காஜாபட்டன்:
அண்ணா, அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பே வராதவர்களும் இந்த ஊரில் தொழில் செய்கிறோம். தேனிப் பக்கத்திலிருந்து டெய்லராக வந்தவள் நான். என் உறவில் இங்கே கம்பெனி நடத்துபவர் எவருமில்லை. மண்டபத்து வாசலில் ஆண்கள் பேசி முடிக்கும் ஜாப் ஒர்க் (கூலித் தையல் ஆர்டர்) என் காதுக்கு வருவதற்குள் வேறொருவர் டேபிளில் ஏறியிருக்கும். பணம் கட்டினால் நாற்காலி உண்டு என்பது உங்களுக்குக் கொச்சையாகத் தெரியலாம். எனக்கு இங்கே முதலில் கிடைத்த மரியாதை அதுதான்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், அறிந்தவர் வழியே வேலை பெற்றவர்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் மட்டுமே அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றதாகவும், எப்போதாவது சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 56 விழுக்காட்டை நெருங்கியதாகவும் காட்டினார். அன்றாடம் பார்ப்பவருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும் அல்லவா? சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்க முடியாது என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை, அப்படியொரு கூட்டத்தில் பக்கத்தில் அமர்ந்த ஆடிட்டர்தான் எனக்குச் சொன்னார்.

நொய்யல்கரை:
அம்மணி, அழைப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் வழியில்லை. ஆனால் அந்த அமெரிக்கருடைய கணக்கு வேலை கிடைத்ததோடு முடிகிறது. நமக்கோ பில் போட்ட பிறகுதான் பாடு தொடங்குகிறது. சட்டத்தைக் காட்டி ஒரு முறை வாங்கலாம், அடுத்த ஆர்டர் வருமா? 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, பல மாதம் பாக்கி கேட்காமல் என்னைத் தாங்கியவர்கள் பங்காளிகள்தாம்.

காஜாபட்டன்:
பங்காளி இல்லாதவர் அந்த மாதங்களை எப்படிக் கடந்தார் என்று கேளுங்கள் அண்ணா. நான் மூன்று மெஷின்களை விற்றேன்.

பவர்டேபிள்காரன்:
முதலில் விருந்தினராக ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கிறேன். சனிக்கிழமைக் கூலிப் பட்டுவாடா போக, சந்தாவுக்கு மிஞ்சுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.