அமுக்கராவும் வாரக் கணக்கும் ஒன்றாக ஆரம்பித்தேன், ரெண்டும் சரிப்படவில்லை

நீலக்குறிப்பேடு:

வயது 47. ஒரு வருஷமாகவே ராத்திரி பத்தரைக்குப் படுத்தால் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் மகனின் படிப்பு, அம்மாவின் முழங்கால் வலி, ஆபீஸில் பாதியில் கிடக்கும் வேலை என்று ஒவ்வொன்றாக மனசில் வந்து நிற்கும், விடிகிற வரைக்கும் தூக்கம் கிடையாது. மாதவிடாயும் முன்பு போல் ஒழுங்காக வருவதில்லை.

ஆறு வாரத்துக்கு முன்பு நானும் என் கல்லூரித் தோழியும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவருக்கொருவர் அந்த வாரக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். என் பட்டியலில் மூன்று விஷயம்: வாரம் நாலு நாள் அரை மணி நேர நடை, பத்து மணிக்கு மேல் செல்போனை வேறு அறையில் வைப்பது, பாதியில் விட்ட கணக்கியல் படிப்பில் வாரம் ஒரு பாடம். அதே வாரத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று அஸ்வகந்தா, அதாவது அமுக்கரா, மாத்திரை வாங்கி காலையில் ஒன்று ராத்திரி ஒன்று ஆரம்பித்தேன்.

முதல் ரெண்டு வாரம் நன்றாகவே போனது. மூன்றாவது வாரம் நடை ஒரு நாள்தான். அவளிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, "இந்த வாரம் கொஞ்சம் பிஸி" என்று மட்டும் அனுப்பினேன். நாலாவது வாரத்திலிருந்து அதுவும் இல்லை. தூக்கம் முன்பைவிட மோசம், இப்போது படபடப்பும் சேர்ந்திருக்கிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இந்த மாதிரி வாரக் கணக்கு சொல்வது உங்களில் யாருக்காவது மாசக்கணக்கில் நிலைத்திருக்கிறதா? அமுக்கரா வேலை செய்ய எத்தனை நாள் ஆகும், டோஸைக் கூட்டிப் பார்க்கலாமா? தைராய்டு மாத்திரை தவிர வேறு மருந்து எதுவும் நான் எடுப்பதில்லை.

வேரடி:

அக்கா, கடைசி வரியைப் படித்ததும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். டோஸைக் கூட்டாதீர்கள். இன்றோடு நிறுத்திவிட்டு, தைராய்டுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே பேசுங்கள். அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அதன் மேல் இதையும் சாப்பிட்டால் அளவு மிஞ்சிப் போகலாம். மிஞ்சினால் வருவது என்ன தெரியுமா? படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. நீங்கள் சொல்கிற அதே கஷ்டங்கள். அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ரத்தப் பரிசோதனை சொல்லட்டும். ஆனால் தைராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. முடி உதிர்வுக்கென்று பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அது தைராய்டு டெஸ்டின் முடிவையே மாற்றிக் காட்டிவிடும்.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை. எனக்கே ஒரு கஷ்டமான காலத்தில் இதே அமுக்கரா உதவியது என்று நம்புகிறேன். மன அழுத்தம், தூக்கம் பற்றி நடந்த ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அவை பெரும்பாலும் சின்ன ஆய்வுகள், ரெண்டு மூன்று மாசத்தோடு முடிந்துவிடுபவை. வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பாதுகாப்பா என்பதற்குப் போதுமான ஆதாரம் கிடையாது. அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது, அதனால் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். டென்மார்க் 2023இல் இதற்குத் தடையே போட்டது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தூக்க மாத்திரை, சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. "வேர்தானே, என்ன செய்துவிடப் போகிறது" என்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது, வேலை செய்கிற பொருள் என்றால் அது மற்ற மருந்தோடும் மோதத்தான் செய்யும்.

இன்னொன்று. பொடியும் சாறு எடுத்த மாத்திரையும் ஒன்றில்லை. பொடியை கிராம் கணக்கில் சாப்பிடுவார்கள், சாறு மில்லிகிராம் கணக்கு. டாக்டரிடம் போகும்போது டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஞாயிறுமாலை:

வேரடி சொன்னதை முதலில் செய்யுங்கள், மேடம். வாரக் கணக்கைப் பற்றி நான் சொல்கிறேன், நானும் பழைய சக ஊழியர் ஒருவரும் மூன்று வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறோம், நடுவில் ஒரு தடவை நாலு மாசம் நின்றும் போனது.

நின்றதற்குக் காரணம் உங்களுக்கு நடந்த அதேதான். நாங்கள் கணக்கு சொல்வதை விட்டுவிட்டுத் தீர்ப்பு எழுத ஆரம்பித்திருந்தோம். "இந்த வாரம் மோசம்", "பரவாயில்லை", "அடுத்த வாரம் கண்டிப்பாக". இதில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை, படிக்கிறவருக்கும் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது எண் மட்டும்தான், காரணம் இருந்தால் ஒரே வரி. போன வாரம் நான் அனுப்பியது இது: "நடை 1/4. செவ்வாய் மீட்டிங் எட்டு மணி வரை. வியாழன் சோம்பல். படிப்பு 0. அடுத்த வாரம்: செவ்வாய்க்குப் பதில் புதன் காலை." அனுப்ப ஒரு நிமிஷம்தான் ஆகும். பூஜ்யம் என்று எழுதக் கை கூசாத நிலைக்கு வர எனக்கு அரை வருஷம் பிடித்தது, ஆனால் அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

இலக்கை நோக்கிப் போவதை அவ்வப்போது சரிபார்ப்பது பற்றி 2016இல் 138 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சரிபார்த்தால் பலன் கூடுகிறது, எழுதி வைத்தாலோ அடுத்தவருக்குத் தெரியும்படி செய்தாலோ இன்னும் கூடுகிறது என்பதுதான் முடிவு. அப்புறம் 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழு 96 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், ஒரு பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு வர நடுத்தரமாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18இலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. எனக்கு அதில் பிடித்த விஷயம், நடுவில் ஒரு நாள் தவறினால் அது பெரிதாக எதையும் கெடுத்துவிடவில்லை என்பது. ஆறு வாரம் என்பது 42 நாள். நீங்கள் தோற்றுவிட்டதாக நினைப்பதற்கு இன்னும் நேரமே வரவில்லை.

மூன்று இலக்கும் ஒரு மாத்திரையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் எது உதவியது எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்? இனிமேல் புதிதாக எது சாப்பிட்டாலும் அதையும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் ஒரு வரியாகச் சேருங்கள். ஆரம்பித்த தேதி, ராத்திரி எத்தனை தடவை விழிப்பு, அவ்வளவுதான்.

மாலைவெயில்:

எனக்கு 52. மூன்று மணி விழிப்பும் முறை தவறிய மாதவிடாயும் எனக்கும் 46இல் ஆரம்பித்தது. நான் அதை வெறும் டென்ஷன் என்று நினைத்து ரெண்டு வருஷம் வீணடித்தேன்மா. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருஷங்களில் ஹார்மோன் ஏறி இறங்குவதால் தூக்கம் கெடுவது, திடீர் வியர்வை, படபடப்பு எல்லாம் வரும், அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. டாக்டரிடம் போகும்போது இதையும் மறக்காமல் கேட்டு வா. ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்.

நீலக்குறிப்பேடு:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அமுக்கராவை அன்றைக்கே நிறுத்தினேன். தைராய்டு பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன், தைராய்டு மிஞ்சினால் இது குறையுமாம்) இருக்க வேண்டியதைவிடக் கீழே இருந்தது. டாக்டர் டப்பாவை வாங்கி ரெண்டு பக்கமும் படித்துப் பார்த்துவிட்டு, தைராய்டு மாத்திரையின் அளவை இப்போதைக்கு மாற்றவில்லை, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். படபடப்பு குறைந்திருக்கிறது. விழிப்பு இன்னும் வருகிறது. மாலைவெயில் அக்கா, நீங்கள் சொன்னதைக் கேட்டேன், மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், அடுத்த வியாழக்கிழமை போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோழிக்கு இப்படி அனுப்பினேன்: "நடை 2/4. செல்போன் 3 ராத்திரி வெளியே. பாடம் 0. மூன்று வாரமாகச் சொல்லாமல் விட்டதில் நடை மொத்தம் 2." அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். கால் மணி நேரத்தில் பதில் வந்தது, அவளுடையதும் பூஜ்யம்தானாம், நான் எழுதாததால் அவளும் எழுதவில்லையாம். இப்போதைக்குப் படிப்பை எடுத்துவிட்டு நடை, செல்போன் ரெண்டை மட்டும் வைத்திருக்கிறோம். டிஎஸ்எச் முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.