இரவுப் பணியில் இருப்பவர் தூங்கலாமா?

சாட்ஸ்வொர்த் செவிலி:
நேற்று நம் தளத்தின் வேலைவாய்ப்புப் பகுதியில் ஃபீனிக்ஸ் கோபுரம் என்னும் அன்பர், "முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வில் தேறாத பெண்பிள்ளைகளுக்கு ஏற்றது; பாட்டியம்மா தூங்கும்போது இவளும் தூங்கிச் சம்பளம் வாங்கலாம்" என்று எழுதியிருந்தார். இரவுப் பணி பார்த்தே தலை நரைத்தவள் நான். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இதற்கு நடுவில் எப்போது தூங்குவது என்று அவரே வந்து விளக்கட்டும்.

ஃபீனிக்ஸ் கோபுரம்:
அம்மா, விளக்குகிறேன். என் தாயார் மூன்று ஆண்டுகள் படுக்கையில் இருந்தார்கள். எங்கள் வீட்டில் எவரும் கடிகாரத்தைப் பார்த்துப் புரட்டியதில்லை, அவர்களுக்கு ஒரு புண்ணும் வந்ததில்லை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் வந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறங்கிய நம் முன்னோர், பெற்றவர்களைப் பேணுவதற்கு யாரிடமும் சான்றிதழ் வாங்கவில்லை. இந்த இரண்டு மணி நேரக் கணக்கெல்லாம் வகுப்பு நடத்திப் பணம் பறிக்கிறவர்கள் கிளப்பிவிட்டது.

மெட்ரிக் முடித்தவள்:
மன்னிக்க வேண்டும், நான் உண்மையிலேயே இந்தத் துறைக்கு வர எண்ணுகிறேன். சில வாரங்களில் முடியும் பராமரிப்பாளர் வகுப்பில் சேர்வதா, ஓராண்டு துணைச் செவிலியர் படிப்பில் சேர்வதா என்று யாராவது சொல்ல முடியுமா?

சாட்ஸ்வொர்த் செவிலி:
மகளே, ஓராண்டு படிப்பை முடித்தால் தென்னாப்பிரிக்கச் செவிலியர் மன்றத்தில் பதிவு பெறலாம்; சில வார வகுப்புக்கு அந்தப் பதிவு கிடையாது. பணவசதியும் இடமும் கிடைத்தால் ஓராண்டு படிப்புக்கே போ. மற்றதைப் பிறகு சொல்கிறேன், முதலில் கோபுரத்தாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஐயா, எலும்பு துருத்தி நிற்கும் இடத்தில், அதாவது இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும், உடலின் எடை ஓயாமல் அழுத்தும்போது இரத்த ஓட்டம் குறைந்து தசை சாகத் தொடங்குகிறது. அந்த இடம் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்போம்; விரலை எடுத்த பிறகும் சிவப்பு வெளுக்காமல் நின்றால் அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் படி. நம்மவர்களின் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். புரட்டும்போதும் தரதரவென்று இழுக்கக் கூடாது. அடியில் விரித்த துணியோடு தூக்கி, சற்றே சாய்த்து, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூங்கிக்கொண்டே இவற்றைச் செய்கிற வித்தை உங்களுக்குத் தெரியும் போலிருக்கிறது.

லெனேசியா மருமகன்:
சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் என்று டர்பன்காரர்கள் எல்லாரும் இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறார்கள். என் மாமியாருக்கு மோட்டாரில் இயங்கும் காற்று மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறேன். மெத்தைக்குள் இருக்கும் காற்றறைகள் மாறி மாறி ஊதி வடிவதால் புரட்ட வேண்டிய தேவையே இல்லை.

சாட்ஸ்வொர்த் செவிலி:
தேவையே இல்லை என்று மெத்தை விற்றவர் சொன்னாரா, மருத்துவர் சொன்னாரா? அந்த மெத்தை அழுத்தத்தைக் குறைக்கும். இடைவெளியைச் சற்றுக் கூட்டலாம் என்றுகூடச் சிலருக்குச் சொல்வார்கள். ஆனால் புரட்டுவதை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். 2023-இல் மின்வெட்டு நாள்தோறும் வந்துகொண்டிருந்தபோது உங்கள் மோட்டாரை யார் ஓட்டினார்கள்?

லெனேசியா மருமகன்:
எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, நன்றி. இரவெல்லாம் விழித்திருக்க ஆள் வைக்கச் சொல்கிறவர் கணக்கையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் வந்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 28.79 ரேண்ட்; அந்தக் கணக்கிலேயே பன்னிரண்டு மணி நேரத்துக்கு 345 ரேண்டுக்கு மேல் ஆனது. அரசு மாதந்தோறும் தரும் முதியோர் உதவித்தொகை ஏழு இரவுகளுக்குக்கூடக் காணாது.

சாட்ஸ்வொர்த் செவிலி:
கூலி கட்டுப்படியாகவில்லை என்பது வேறு, வேலையே இல்லை என்பது வேறு. நான் கேட்டது இரண்டு மணி நேரத்தைப் பற்றி. கோபுரத்தார் ஏன் மௌனமாகிவிட்டார்?

ஃபீனிக்ஸ் கோபுரம்:
நான் மௌனமாகவில்லை, புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதான வேலையாக இருந்தேன். அந்த அன்னதானக் கணக்கைக் கேட்டுச் சென்ற ஆண்டு கோயில் சபையில் எழுந்து நின்று ரகளை செய்தவர் யார் என்பது இங்கே பலருக்குத் தெரியும். கோயிலிலும் குற்றம், வீட்டிலும் குற்றம், எதிலும் குற்றம் காண்பதே சிலருக்குப் பிழைப்பு. என் தாயாருக்குப் புண் வரவில்லை என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சாட்ஸ்வொர்த் செவிலி:
அன்னதானக் கணக்கு இன்றுவரை வரவில்லை என்பதையும் பலர் அறிவார்கள். உங்கள் தாயாருக்குப் புண் வரவில்லையென்றால், நீங்கள் குறட்டைவிட்ட நேரத்தில் யாரோ எழுந்து புரட்டியிருக்கிறார்கள். யார் என்று உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

ஃபீனிக்ஸ் கோபுரம்:
என் குடும்பத்தை இழுக்க வேண்டாம். மருமகள் மாமியாருக்குச் செய்வது கடமை. அதை மணிக்கு இத்தனை ரேண்ட் என்று விலை பேசுகிறவர்களால்தான் இன்று பெற்றவர்கள் முதியோர் இல்லங்களில் கிடக்கிறார்கள்.

லெனேசியா மருமகன்:
இல்லத்தில் சேர்ப்பது அவமானம் என்று பேசுகிறவர்கள் 2006-ஆம் ஆண்டின் முதியோர் சட்டத்தை ஒருமுறை படிக்க வேண்டும். வீட்டிலேயே வைத்துக்கொண்டு கவனிக்காமல் விடுவதும் அந்தச் சட்டப்படி கொடுமைதான்.

ஃபீனிக்ஸ் கோபுரம்:
யார் கவனிக்காமல் விட்டது? லெனேசியாவில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க் பணக்காரர் சட்டம் கற்பிக்க வேண்டியதில்லை.

மெட்ரிக் முடித்தவள்:
மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளத் தனிப் பயிற்சி உண்டா?

சாட்ஸ்வொர்த் செவிலி:
உண்டு மகளே, தனியாக எழுது, சொல்கிறேன். நோயாளி சொல்வது தவறென்று அவரோடு வாதாடக் கூடாது என்பது அதில் முதல் பாடம். அந்தப் பொறுமையை இங்கே செலவழிக்க எனக்கு விருப்பமில்லை. கோபுரத்தாரே, இரண்டு மணி நேரம். தூங்கலாமா, கூடாதா?

ஃபீனிக்ஸ் கோபுரம்:
தூங்கலாம். நூறு முறை கேட்டாலும் தூங்கலாம் என்றுதான் சொல்வேன்.

சாட்ஸ்வொர்த் செவிலி:
அப்படியானால் நூற்றோராவது முறையும் கேட்பேன். நாளை இரவு எனக்கு வேறு வேலை இல்லை.